ஈரம் காயும்வரை

துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு அவன் கரும்பலகையின் முன் நின்றான். கை எழவில்லை.

பலகையில் ஒரு பெரிய வட்டம். நடுவே சாக்பீஸால் அடர்த்தியாகத் தீட்டிய ஒரு புள்ளி. சுற்றிலும் கணக்குகள்.

கீழ் மூலையில் தேன்மொழியின் கையெழுத்தில் ஒரு சொல்.

அழிக்காதீர்கள்.

தேன்மொழி அவன் மனைவி.

இந்த இயற்பியல் துறையில் அது ஒரு வழக்கம். அப்படி எழுதி வைத்துவிட்டால் எழுதியவர்தான் வந்து அழிக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

ஆடி மாதம் டெங்குவில் அவள் போனாள். இப்போது தை. நாளை இந்த அறைக்குப் புதிய ஆய்வாளர் ஒருவர் வருகிறார்.

"எங்க யாருக்கும் கை வரல அண்ணா. அதான் உங்களக் கூப்பிட்டோம்," என்றாள் மெர்லின். தேன்மொழிக்குப் பக்கத்து மேசைக்காரி. "போட்டோ எடுத்து வச்சாச்சு. கணக்கு ஒண்ணும் போயிடாது."

அவன் தலையசைத்தான்.

அந்த வட்டம் அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அவன் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் வரைந்து காட்டியிருக்கிறாள்.

"உள்ள ஈர்ப்பு விசை இருக்கு. விளிம்புல அது கிடையவே கிடையாது, வெறும் குவாண்டம் புலங்கள்தான். ஆனா ரெண்டும் ஒரே உலகம். உள்ள என்ன நடந்தாலும் விளிம்புல படிச்சுக்கலாம்."

"எடையே இல்லாத இடத்துலேர்ந்து எடை எப்படி வரும்?"

"சிவில் இன்ஜினியரக் கட்டிக்கிட்டா இதான். எல்லாத்துக்கும் அடியில ஒரு தூண் வேணும் ஒனக்கு."

அவன் அந்தத் தாளில் நடுப்புள்ளியின்மேல் விரலை வைத்தான். கருந்துளை என்றாள். அதில் விழுந்தது தொலைந்துதானே போகும் என்று கேட்டான்.

"உள்ளேர்ந்து பாத்தா தொலைஞ்ச மாதிரிதான். விளிம்புல பாத்தா சூடா பரவிக் கெடக்கும். இன்னதுன்னு அடையாளம் தெரியாது. ஆனா தொலையாது."

அவன் கொட்டாவி விட்டான். அவள் பென்சிலால் அவன் தலையில் தட்டினாள்.

சுடுகாட்டில் அவன் அழவில்லை. அதன் பிறகும் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே பாலத்து வேலைக்குப் போய்விட்டான். கல்நெஞ்சு என்று மாமியார் வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

துணியைப் பலகையில் வைத்தான்.

புள்ளி போயிற்று. கணக்குகள் போயின. வட்டம் போயிற்று. மூலைச் சொல்லைக் கடைசியாகத் துடைத்தான்.

பலகை கன்னங்கரேலென்று ஆனது.

"காயட்டும் அண்ணா. நான் டீ வாங்கிட்டு வரேன்." மெர்லின் மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டுப் போனாள். கதவுக்கு வெளியே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவன் தேன்மொழியின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பலகை ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியது. காய்ந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது.

ஒரு வளைவு.

மாதக்கணக்கில் பலகையில் ஊறிப்போன சாக்பீஸ். ஈரத்தில் மறைந்திருந்தது, அவ்வளவுதான். வட்டத்தின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடுவில் இன்னும் ஈரம்.

துணி அவன் மடியில் இருந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தால் போதும், போய்விடும்.

எழுந்தான்.

சுவரோரம் போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.