கயிற்றின் மறுமுனை

பழைய விசாரணைக் கூடத்தின் உத்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த நீளமான துணி விசிறி சட்டென்று நின்றதும், கட்டடக் கலைஞர் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

நீதிமன்றத்தைப் பசுமை அலுவலகமாக மாற்றியது அவள்தான். குற்றவாளிக் கூண்டு இப்போது தொலைபேசி அறை. நீதிபதியின் மேடையில் காப்பி இயந்திரம். அந்தக் காலத்தில் ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்த விசிறியை, இனிச் சூரியசக்தி மோட்டார் இழுக்கும் என்று பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் பெருமையோடு எழுதியிருந்தாள்.

மோட்டார் காலையில் புகைந்து அடங்கிவிட்டது.

ஆகவே பின்சுவருக்கு அப்பால், கயிற்றின் மறுமுனையில், தன் தம்பியை உட்காரவைத்திருந்தாள்.

இன்று சான்றிதழ் கிடைக்காவிட்டால், வாடகைக்கு வரவிருக்கும் நிறுவனம் வராது. அவளை நம்பி இன்னொரு கட்டடமும் வராது.

வந்திருந்த மதிப்பீட்டாளர்கள் இருவர். மூத்தவர், மனைவியின் தொலைபேசி அழைப்பைக்கூட எழுந்து நின்று எடுப்பவர், பின்பக்கத்துக் குழாய்களைப் பார்க்கப் போயிருந்தார். இளையவர் கூடத்தில் வெப்பமானியும் கையுமாக நின்றார்.

“ஏன் மேடம் நின்னுடுச்சு?”

“மேகம் சார்,” என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இருமிப் பார்த்தாள். அசைவில்லை. சுவரைத் தட்டினாள். அதற்கும் இல்லை. கடைசியில், கல்லின் அழகில் சொக்கியவள்போல் சுவரில் கன்னத்தைப் பதித்து, கயிறு நுழையும் ஓட்டையில் வாயைக் குவித்துக் கிசுகிசுத்தாள்.

“டேய் தடிமாடு! தின்ன சோறு செரிக்க வேணாமா? இழு! நிறுத்தினே, வீட்டுப் பக்கம் தலைகாட்டாதே!”

கயிறு ஒரு கணம் தயங்கியது.

பிறகு விசிறி எழுந்தது பாருங்கள், அப்படியொரு வேகம்! இளையவரின் தாள்கள் பறந்தன. கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் போய் விழுந்தது. சோம்பேறித் தம்பிக்குள் இத்தனை பொறுப்பா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

“பிரமாதம் மேடம்! பெரியவர் வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது!” என்று கத்தினார் இளையவர், காற்றை மீறி.

அப்போது வாசல் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். இரண்டு கையிலும் தேநீர்.

“உனக்கும் ஒண்ணு வாங்கினேங்க்கா.”

விசிறி வீசிக்கொண்டேயிருந்தது.

சுவரின் ஓட்டையிலிருந்து, மூச்சு வாங்க, மிகப் பணிவான குரலொன்று கேட்டது:

“ஒரே ஒரு கையெழுத்துதாம்மா... போட்டுட்டு உடனே வந்துடறேன். போகட்டுமா?”