கரண்ட் போகாத வீடு

அந்த வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒரே ஒரு பெருமை. அது வந்த நாளிலிருந்து அங்கே யாரும் "கரண்ட் போச்சு" என்று சொன்னதில்லை. மின்சாரம் நின்ற கணமே, மின்விசிறியின் வேகம் துளியும் குறையாதபடி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

வயதாகி, பேட்டரி தளர்ந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தாமஸ், "பேட்டரி மாத்தி, உள்ள கொஞ்சம் சரி பண்ணா இன்னும் நல்லா ஓடும்க்கா. செய்யட்டுமா, இல்ல கழட்டிரவா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரம்மா மரகதம், சுற்றிக்கொண்டிருந்த விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்லதான் கரண்டே போறதில்லையே. இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு? கழட்டிருங்க தம்பி."

விசிறி பதறிப்போனது. "ஏய், கரண்ட் போய் அரை மணி நேரமாச்சு. ஒரு நிமிஷம் நின்னு காட்டு. அப்பத்தான் உன் அருமை தெரியும்."

"நின்னா அந்த வார்த்தையைச் சொல்லிருவாங்க," என்றது இன்வெர்ட்டர். "கழட்டினா கழட்டட்டும். நானா நிக்கமாட்டேன்."

தாமஸ் வயரைக் கழற்றினார். விசிறி நின்றது.

"அடடா, கரண்ட் போச்சே," என்றார் மரகதம்.

வாசலில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர், "அது போய் எவ்வளவு நேரமாச்சு, உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றார்.

மரகதம் இன்வெர்ட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, வயரை மாட்டுங்க. பேட்டரியையும் மாத்திருங்க."

விசிறி மறுபடி சுற்றியது. "தப்பிச்சுட்ட போ," என்றது சந்தோஷமாக.

இன்வெர்ட்டர் முகம் கொடுக்கவில்லை.

"சொல்லிட்டாங்க பாத்தியா," என்றது. "ஆனா நின்னது நான் இல்ல. யார் கேட்டாலும் நீதான் சாட்சி."