நிரம்பாத தொட்டி

மணி அடித்து முடிந்த பிறகுதான் அந்த மூன்று பிள்ளைகளும் பள்ளிக் கேட்டுக்குள் வந்தார்கள் என்பது என் நினைவு. அதற்கு முன்பே மதிலோரம் வந்து நின்றிருந்தார்களோ என்று ஒரு சந்தேகமும் உண்டு. இந்த விஷயத்தில் என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

“வந்தாச்சா மகாராணி?” என்றார் தலைமையாசிரியர். தினமும் மின்சார மீட்டரை எட்டிப் பார்ப்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மீட்டர். “போ, ஏறு.”

மூவரில் உயரமான பெண் பையை இறக்கிவைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். நகராத சைக்கிள் அது. மிதித்தால் கிணற்றுத் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறும்.

‘வியர்வையே மின்சாரம்’ என்று சுவரில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. நீடித்த ஆற்றலைப் பற்றிக் கற்பிக்க அறிவியல் ஆசிரியர் செய்த பொறி. அதைத் தாமதமாக வருபவர்களுக்குத் தண்டனையாக்கியது மீட்டரின் மூளை. அதுவரை தண்ணீர் ஏற்றிய மோட்டாரை அவர் கழற்றி விற்றே விட்டார்.

அன்று, பசுமைப் பள்ளி விருதுக்காகப் பார்வையிட ஓர் அம்மையார் வந்திருந்தார்.

“தண்டனையும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு மேடம்” என்றார் மீட்டர், முகமெல்லாம் பல்லாக.

“தினமும் லேட்டா வர ஆள் கிடைக்குமா?”

“அதுக்கென்ன பஞ்சம்? எல்லாம் இந்தப் பின்தெருப் பிள்ளைங்கதான். வீடு மதிலுக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டா கேக்கற தூரம். ஒரு நாள் நேரத்துக்கு வரட்டும், நான் என் பேரை மாத்திக்கிறேன்.”

அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள்.

அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். “சோம்பேறிக் கால் மேடம். முதல் பீரியட் முழுக்க மிதிக்கறாங்க, தொட்டி ஒரு நாள் நிரம்பி வழிஞ்சு நான் பாத்ததில்ல. தலையும் அப்படித்தான். மேல இருக்கற தண்ணியை ஒரு குழாயை வச்சே கீழ இறக்கறது எப்படின்னு ரெண்டு பக்கெட்ட வச்சு செஞ்சே காட்டினேன். ஏம்மா, மேடத்துக்குச் சொல்லு பாப்போம்.”

அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

“பாத்தீங்களா? களிமண்ணு!”

வந்தவர் முன்னால் கண்டிப்பைக் காட்டிவிட வேண்டுமென்று மீட்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “நாளைக்கும் லேட்டா வந்தே, பேரை அடிச்சிடுவேன். அப்புறம் வேற ஸ்கூல் பாத்துக்க.”

பெடல் நின்றது. எத்தனை திட்டுக்கும் அசையாத அந்த முகம் அப்போதுதான் வெளுத்தது.

“நேரத்துக்கே வந்துடறேன் சார். ஆனா... வந்தாலும் மிதிக்க விடுவீங்களா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாடிப்படி ஏறினார். மூச்சு வாங்கியபடி ஆசிரியர்கள் இருவரும், அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் போனார்கள்.

தொட்டியின் வாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வளைந்து வெளியே வந்து, மதிலைத் தாண்டிப் பின்தெருவில் இறங்கியிருந்தது. அங்கே குடங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இருந்த தெருக்குழாயின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

அம்மையார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழாயின் முனை பாதி ஆழத்தில் நின்றிருந்தது. பள்ளிக்கான பாதியை அது தொடவில்லை.

“எவன் பாத்த வேலை இது?” என்று கத்தினார் அறிவியல் ஆசிரியர்.

“நீங்க நடத்தின பாடம்தான் சார்” என்றாள் அவள்.

விருது மீட்டருக்குத்தான் கிடைத்தது. பின்தெருவுக்கும் தண்ணீர் தருவது தன் யோசனைதான் என்று, அம்மையார் வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். அதனால் குழாயைக் கழற்றவும் முடியவில்லை. அறிவியல் ஆசிரியர் இப்போது வேறு பிள்ளைகளைக் களிமண் என்கிறார். அந்த மூவரும் மணி அடிக்கும் முன்பே வந்து மிதிக்கிறார்கள். தெருக்குழாயின் மேல் இன்னும் துணி காய்கிறது.