முத்து இறங்கிய முகம்

"உங்க வீட்டுக்காரர் முகம் சுத்தமா இருக்கே," என்றார் டாக்டர்.

அவள் சிரித்தாள். பாராட்டு என்றுதான் நினைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் தங்கமாரியப்பன் சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயது. பீடியைக் கையால் தொட்டதில்லை. நுரையீரலில்தான் புற்று வந்திருக்கிறது.

டாக்டர் சிரிக்கவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். பழையதில் கொட்டைப்பாக்கு அளவு இருந்த வெள்ளை, புதியதில் எலுமிச்சை அளவு இருந்தது.

"மாத்திரை ஆரம்பிச்ச பிறகு பரு மாதிரி எதுவும் வரலையா? முகத்துல, நெஞ்சுல?"



வந்ததே.

பன்னிரண்டாம் நாள் வந்தது. நெற்றி, மூக்கு, நெஞ்சு, முதுகு. சின்னச் சின்னதாய், சீழ் கோத்துக்கொண்டு.

பரு வரலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். மறக்கவில்லை. ஆனால் பரு இப்படியா வரும்? அவள் கண்ணுக்கு அது அம்மை முத்து. சித்திரை வெயில் வேறு. தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பெயரிலேயே மாரியை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன். ஆத்தா இவரிடம் வராமல் வேறு யாரிடம் வருவாள்?

ஆத்தா வந்த வீட்டில் மருந்து ஆகாது.

அவளும் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். மாத்திரைகளை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அவர் கேட்டார். "டாக்டர்ட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன், நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றாள். வாய் கூசாமல் சொன்னாள்.

ஒரு வாரத்தில் முத்து இறங்கியது. மூன்று தண்ணீர் ஊற்றினாள். அத்தோடாவது விட்டாளா? மாத்திரை தொடாமல் ஒரு மண்டலம் போகட்டும், ஆத்தா மனம் குளிரட்டும் என்று நேர்ந்துகொண்டாள். அவர் முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் ஆள் தேறிவிட்டார் என்றார்கள்.

அவளும் நம்பினாள். பாவி, நம்பினாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உங்க செல்லுக்கு 'வளரு, வளரு'ன்னு ஒரு சேதி போய்க்கிட்டே இருக்கு. அதை அடைக்கத்தான் மாத்திரை. தோலுக்கும் அதே சேதிதான் போகுது. அடைபட்டா தோல்ல பரு கிளம்பும். பாக்க பயமா இருக்கும், ஆனா நல்ல அறிகுறி. சேதி நிக்கலைன்னா செல்லோட குணமே மாறிடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தது பிரிஞ்சு, இடம் விட்டு நகர ஆரம்பிச்சிடும்."

திரையில் முதுகெலும்பைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க வந்திருக்கு."

நல்ல அறிகுறி. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை ஊற்றி, கும்பிட்டு, அதைத்தான் வழியனுப்பி வைத்திருந்தாள்.

"மாத்திரை ஒரு நாளாவது விட்டுப்போச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவர் இப்போது சொல்லிவிடுவார். நீங்கதானே டாக்டர் நிறுத்தச் சொன்னீங்க என்று கேட்பார். கேட்கட்டும். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை.

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மேசைக்கு அடியில் அவர் கை தேடி வந்து அவள் கையைப் பிடித்தது. பேசாதே என்று அழுத்தியது.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"அப்ப இந்த மாத்திரை உங்களுக்குக் கேக்கல. நிறுத்திடுவோம். இனி ஊசி மருந்துதான். அது எவ்வளவு தூரம் தாங்கும்னு இப்ப சொல்ல முடியாது."

எழுத ஆரம்பித்தார்.

கேட்கவில்லை என்று எழுதிவிட்டால் அந்த மாத்திரை இனி இவருக்குக் கிடையாது. ஆனால் அது கேட்டதே. பன்னிரண்டே நாளில் முகமெல்லாம் கேட்டதே.

சொன்னால் இந்த அறைக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்திருக்கிற மகளுக்குத் தெரியும். பெற்ற அப்பனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது யார் என்று அவளுக்கு ஆயுசுக்கும் தெரியும்.

அவர் பிடி இன்னும் இறுகியது.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"எழுதாதீங்க டாக்டர். மாத்திரை கேக்கும். நான்தான் குடுக்கல."

பேனா நின்றது.

டாக்டர் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா?"

வாயைத் திறந்தாள். பத்து நாள் என்று குறைத்துச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.  

"இன்னையோட அம்பத்தொம்பது நாள் டாக்டர்," என்றார் அவர்.