துடியலூர் கவர்

"ஏனுங்க, கடலை உங்க ஊட்டுக் குப்பைத்தொட்டின்னு நெனச்சுப்போட்டீங்களாக்கும்?"

ஸ்கூபா டைவிங் கிளப் நடத்துகிற ஜெரால்டு அந்த பிளாஸ்டிக் கவரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான். யுவஸ்ரீ பாறை இடுக்கிலிருந்து பெருமையாகப் பொறுக்கி வந்த கவர் அது. படகில் ஏறிய பிறகுதான் எழுத்தைக் கவனித்தார்கள். சிவப்பில் ஒரு பேக்கரி பெயர். அதற்குக் கீழே, துடியலூர்.

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலுக்கடியில் துடியலூர்!

படகில் இருந்த பத்துப் பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். யுவஸ்ரீயின் அப்பா வெள்ளியங்கிரியை.

நேற்று சாயங்காலம் கோயம்புத்தூர்ப் பக்கம் துடியலூரில், கிளப் ஆபீஸ் வாசலில் வேன் ஏறும்போது பேக்கரி கவரோடு ஏறியவர் அவர் ஒருத்தர்தான். படகிலும் அதற்குள் கைவிட்டு முறுக்கு தின்றுகொண்டே வந்தார்.

யுவஸ்ரீக்கு மறுபடி கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. பிளஸ் டூ முடித்ததும் காலேஜும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், ஸ்கூபா சொல்லித்தர்ற ஆளாகத்தான் ஆவேன் என்று ஒத்தைக்காலில் நின்றவள். ஜெரால்டு அவளைக் கிளப்பில் டிரெய்னியாக எடுப்பானா மாட்டானா என்பது இன்றைக்குத்தான் தெரியும். "பொட்டப்புள்ளையைத் தனியா அனுப்ப முடியாது, நானும் வாரேன்" என்று இந்த மனுஷன் தொற்றிக்கொண்டு வந்த லட்சணம் இது.

"நான் போடலீங்க தம்பி," என்றார் வெள்ளியங்கிரி.

"அப்ப மீனு துடியலூருக்கு வந்து பப்ஸ் வாங்கிட்டுப் போச்சுங்களா?"

படகே சிரித்தது.

கிளப்பின் பெயரே 'பவளப்பாறைக் காவலர்கள்'. முதலில் ஜெரால்டு மட்டும் தனியாக இறங்கி "இடம் பார்த்துட்டு" வருவான். அப்புறம் மற்றவர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, பாறையில் கிடக்கிற பாட்டிலையும் கவரையும் பொறுக்குவார்கள். கிளப்பில் வேலை பார்க்கிற கரோலின் வீடியோ எடுப்பாள். இன்றைக்கு ஒரு மூட்டை நிறைய.

வெள்ளியங்கிரி அந்த மூட்டையை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எத்தனை நாளா உள்ள கெடக்குதுங்க?"

"வருஷக்கணக்கா!"

"நான் கெணத்து மோட்டார் ரிப்பேர் பாக்கறவனுங்க. பத்து நாள் தண்ணிக்குள்ள கெடந்தாலே பாசி புடிச்சு வழவழன்னு ஆயிருமுங்க. இதுல ஒரு பாட்டில்லயும்…"

"கெணறு வேறைங்க, கடல் வேறைங்க. பேச்சை மாத்தாதீங்க," என்றான் ஜெரால்டு. "கேமராவைப் பார்த்து ஒரு மன்னிப்பு கேட்டுருங்க. நாலு பேருக்குப் பாடமா இருக்கும்."

கரோலின் கேமராவைத் திருப்பினாள்.

அப்பா மகளைப் பார்த்தார்.

"கேட்டுத் தொலைங்கப்பா! என் மானத்தை வாங்குனது பத்தாதா?"

வெள்ளியங்கிரி எழுந்தார். ஆடுகிற படகில் தடுமாறி நின்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்புத்தானுங்க. மன்னிச்சுப்போடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். யுவஸ்ரீயும் தட்டினாள்.

கரையில் இறங்கியதும் ஜெரால்டு அவளைக் கூப்பிட்டான். "அப்பன்னும் பார்க்காம பேசுன பாரு, உன்னை மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். இன்னிக்கே சேர்ந்துக்க."

துள்ளிக் குதித்துக்கொண்டு சொல்ல ஓடினாள். அப்பா ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சுருட்டி மடித்த பிளாஸ்டிக் கவர். அதே சிவப்பு எழுத்து. ஒரு சொட்டு ஈரமில்லை.

"மிச்சம் ரெண்டு முறுக்கு இருக்குது. திங்கிறியா கண்ணு?"

"அப்புறம் எதுக்குப்பா மன்னிப்பு கேட்டீங்க?"

"நீதானே கேக்கச் சொன்ன?"

கவரைப் பிடுங்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். கரோலின்தான் இருந்தாள்.

"அக்கா, அந்த வீடியோவைப் போட்டுறாதீங்க! எங்கப்பா அதைப் போடவே…"

கரோலின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூட்டையை அவள் காலடிக்குத் தள்ளினாள்.

"டிரெய்னியா எடுத்தாச்சாமே? இந்தா, மொத வேலை. எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசிக் காயப் போடு."

"குப்பையை எதுக்குங்கக்கா அலசோணும்?"

"நல்லா கேட்ட போ! அடுத்த ஞாயித்துக்கிழமை வர்ற குரூப்புக்குக் கடலுக்குள்ள வேற என்னத்தைப் போடறதாம்?"