பாதி விலை லென்ஸ்

"இதுல கை ஆடுனாலும் படம் ஆடாதுங்க சார்" என்றார் கடைக்காரர்.

லென்ஸ் வாங்க வந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என் கை எங்கீங்க ஆடுது?"

கேட்ட வேகம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கடைக்காரர் பதறிப்போய், பொதுவாகத்தான் சொன்னேன் என்றார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

கண்ணாடி மேஜைமேல், பூச்சிகளைக் கிட்டத்தில் போய்ப் பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ்கள் இரண்டு இருந்தன.

ஒன்று புதிது. கை நடுங்கினால் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

மற்றது யாரோ வைத்திருந்து விற்றது. பாதி விலை. அதில் அந்த வசதியெல்லாம் கிடையாது. கை எப்படியோ படமும் அப்படி.

அவர் பாதி விலையைக் கையில் எடுத்தார்.

"விலையப் பாக்காதீங்க. புதுசையே வாங்கிக்கலாமுங்க" என்றாள் வசந்தாமணி. வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதையேதான் சொன்னாள்.

"எதுக்கு வீண் செலவு?"

மனிதர் சிக்கனம் பார்க்கிறார் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். சிக்கனமாவது மண்ணாவது. அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அதைப் பாதி விலை லென்ஸ்தான் சொல்லும்.

கொஞ்ச நாளாக ஒரு படமும் தேறவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கறிவேப்பிலைச் செடியின் முன் மண்டியிடுவார். பனிக்கு விறைத்துப்போன சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுப்பார். ஆனாலும் சிலந்தியின் எட்டுக் கண்ணும் கலங்கிப்போய் வரும்.

பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றார். அரிசி டப்பாவுக்குள் போட்டுவைத்ததால்தான் பிடித்தது என்று வசந்தாமணியிடம் ஒரு சத்தமும் போட்டார்.

பூஞ்சை இருந்தது உண்மைதான். ஓரத்தில், கடுகளவு. அது படத்தைக் கெடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய பெரியண்ணனுக்கு முதலில் வலது கட்டைவிரல்தான் ஆடியது. இப்போது சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆள் வேண்டும்.

டாக்டரிடம் போகலாம். ஆனால் டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அது நோயாகிவிடும்.

பூஞ்சை இல்லாத லென்ஸில் ஒரே ஒரு படம். தெளிவாக வந்துவிட்டால் போதும். பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்த கை இது. அளவுகோல் வைக்காமல் கரும்பலகையில் நேர்க்கோடு இழுத்த கை.

பாதி விலை லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார். எதை எடுப்பது என்று தேடினார். கடைக்காரர் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ் மேஜையில் ஒரு வட்டக் கறையை விட்டிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றாவது நிற்கவில்லை.

வசந்தாமணி குனிந்து பார்த்தாள்.

"ஓடறத எப்படிங்க எடுப்பீங்க? இங்க ஒண்ணு ஒட்டிக்கிட்டுச் செத்துக் கெடக்குது பாருங்க. இதையே எடுங்க."

கறையின் ஓரத்தில் அது கிடந்தது.

வெளிச்சம் பற்றாது என்றார் அவர். கடைக்காரர் மேஜை விளக்கைத் திருப்பிவைத்தார். வெளிச்சம் கொட்டியது. சொல்வதற்கு வேறு சாக்கு ஒன்றும் மீதமில்லை.

இரண்டு முழங்கையையும் கண்ணாடியில் ஊன்றினார்.

இவ்வளவு கிட்டத்தில் போய்விட்டால் லென்ஸைத் திருகக்கூடாது. உடம்பைத்தான் நகர்த்த வேண்டும். முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. அப்படித்தான் இத்தனை வருடமும் எடுத்திருக்கிறார்.

எறும்பு நண்டளவுக்குத் தெரிந்தது. அதன் இடுப்பு தெளிந்தது, மங்கியது, மறுபடி தெளிந்தது.

நெஞ்சு அடித்துக்கொள்வதால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

மூச்சை விட்டார். நிறுத்தினார். அழுத்தினார்.

இன்னொன்று எடுத்தார்.

மேலும் ஒன்று.

திரையில் படத்தைப் பெரிதாக்கினார். எறும்பின் மீசை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலை விரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு தீற்றல். அடுத்த படத்திலும் தீற்றல்தான். கடைசிப் படத்தை அவர் பெரிதாக்கவே இல்லை.

பயமாக இருந்தது. சின்னப் பிள்ளைபோலப் பயமாக இருந்தது. வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டார். உள்ளே அது துடித்துக்கொண்டிருந்தது.

வசந்தாமணி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேமராவைத் தன் பக்கம் இழுத்தாள். அவரால் தடுக்க முடியவில்லை. முதல் படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அவர் பெரிதாக்காமல் விட்டதையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எறும்பு நவுந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றார். "நவுந்துருச்சு."

கடைக்காரர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துணியை எடுத்து லென்ஸ் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தம்பி, அந்தப் புதுசுக்கே பில்லு போட்டிருங்க" என்றாள் வசந்தாமணி.

இந்த முறை அவர் வீண் செலவு என்று சொல்லவில்லை. வசந்தாமணி கேமராவின் வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவருடைய வலது கையைப் பிடித்து எழுப்பினாள். பிடித்ததை விடவில்லை.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டீக்கறையின் ஓரத்தில் எறும்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.