பரண் வரைக்கும்

“வாசப்படி தாண்டியாச்சு. இப்ப ஹால்ல நிக்குது” என்றபடி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார் டெய்லர். குடையை வாசலில் உதறி மடக்கினார்.

தையல் மிஷினில் இருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை. “வரட்டும்” என்றாள். கால் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியூர்க்காரர். ஆற்றுப் பாலத்தில் போலீஸ் வண்டிகளை மறித்துவிட்டதால் மதியத்திலிருந்து இந்தக் கடையில்தான் மழைக்கு ஒதுங்கியிருந்தார்.

“யார் வீட்டு ஹால்லண்ணே?”

“எங்க வீட்டுலதான். ஆத்தோரம்.”

“அப்ப இது?”

“இது கடை. மேல ஒரு ரூம் இருக்கு, நாங்க படுத்துக்க.” டெய்லர் செல்போனை எடுத்தார். “மேடம், வாசப்படி தாண்டிடுச்சு.”

மறுமுனையில் நகராட்சி இன்ஜினீயர். “நல்லதுண்ணே. பாத்துட்டே இருங்க” என்று அந்தப் பெண் குரல் சொன்னது டிரைவர் காதிலும் விழுந்தது.

“வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நகராட்சிக்கு நல்லதா? நல்லா இருக்கே நியாயம்.”

“அவங்களைத் திட்டாதீங்க தம்பி” என்றாள் டெய்லர் மனைவி. “மழை பிடிச்சதுலேருந்து அந்தப் பொண்ணு பச்சைத் தண்ணி குடிக்கல. சுத்தி இவ்வளவு தண்ணி இருந்தும்.”

டிரைவர் எழுந்துவிட்டார். “லாரி காலியாத்தான் நிக்குது. வாங்கண்ணே, பீரோ கட்டில் எல்லாத்தையும் ஏத்திடலாம்.”

“சாமான் ஒண்ணும் இல்லப்பா. நீ உக்காரு.”

டெய்லர் மறுபடி மாடிக்குப் போனார். டிரைவருக்கு உட்கார மனம் வரவில்லை. மிஷின் அருகில் போய் நின்றார். ஊசிக்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை உருவாகிக்கொண்டிருந்தது.

“யாருக்குக்கா இது?”

“என் தங்கச்சி பையனுக்கு. நேத்துதான் பொறந்தான். எதிர்த்தாப்புல பிரசவ ஆஸ்பத்திரி தெரியுதுல்ல, அங்க கீழ் வார்டுல படுத்திருக்கா.” மிஷின் முதல் தடவையாக நின்றது. “போன வெள்ளத்துல அந்த வார்டுல இடுப்பளவு தண்ணி. பொறந்த குழந்தைங்களைத் துணி துவைக்கிற டப்புல வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தோம். நான் ஒண்ணைத் தள்ளினேன். யார் பெத்ததோ, அது பாட்டுக்குத் தூங்கிட்டே வந்துச்சு.”

“இந்தத் தடவையும் வருமா?”

“எங்க வீட்டுப் பரண் வரைக்கும் ஏறினா ஏறட்டும். பரணைத் தாண்டினாத்தான் இந்தத் தெரு. தெருவுக்கு வந்துட்டா அடுத்தது அந்த வார்டு.” மறுபடி பெடலை மிதித்தாள்.

“சொந்த வீடு முழுகறதை இவ்வளவு சாதாரணமா சொல்றீங்களே. நானா இருந்தா தலையில கை வெச்சு உக்காந்திருப்பேன்.”

“நானும் உக்காந்தேன் தம்பி. அது வேற ஒரு நாள்.”

மாடிப்படியில் குரல் வந்தது. “ஜன்னல்.”

கொஞ்ச நேரம் கழித்து, “சுவிட்ச் போர்டு.”

“மெயினை ஆஃப் பண்ணீங்களாண்ணே?” என்று பதறினார் டிரைவர்.

“அதெல்லாம் எப்பவோ ஆஃப் பண்ணியாச்சு” என்று சிரித்துக்கொண்டே மறுபடி மேலே போனார் டெய்லர்.

அடுத்து இறங்கி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “பரணுக்கு இன்னும் ஒரு முழம்தான்.”

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வாசலுக்கு வந்து எதிர் ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். கீழ் வார்டு ஜன்னலில் ஒரு நர்ஸ் சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். தெருவில் மழைத் தண்ணீர் மட்டும் சாக்கடை ஓரமாக ஓடியது. அவ்வளவுதான். இதுவரை.

டெய்லர் போனில் கேட்டார். “மேடம், இதுக்கு மேலயும் ஏறினா என்ன பண்றது?”

இன்ஜினீயரின் குரல் தாழ்ந்தது. “இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. உங்களால ஆனதை நீங்க பண்ணிட்டீங்க.”

குடையைக்கூட எடுக்காமல் அவர் மேலே போனார். போனவர் திரும்பவில்லை. மிஷினில் சட்டை ஒரு கை தைக்கப்படாமல் கிடந்தது. டிரைவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதல் படிக்குக் கீழே போய் நின்றார்.

“ஏய், மேல வா.” டெய்லரின் குரல் உடைந்திருந்தது. “நின்னுடுச்சு. பரணுக்கு ஒரு சாண் கீழ நின்னுடுச்சு. இறங்க ஆரம்பிச்சிடுச்சு.”

அவள் அரைகுறைச் சட்டையோடு படிகளைத் தாவி ஏறினாள். டிரைவரும் பின்னாலேயே ஓடினார்.

மாடியில் டெய்லர் தொப்பலாக நனைந்து நின்றார். அவர் பிடித்திருந்த போனில் ஒரு ஆபீஸே கைதட்டும் சத்தம். பக்கத்து மாடிகளிலிருந்து விசில் பறந்தது. அவள் குட்டிச் சட்டையைக் கொடி மாதிரி ஆஸ்பத்திரிப் பக்கம் வீசிக் காட்டினாள்.

டிரைவர் ஆற்றுப் பக்கம் கண்ணை ஓட்டினார். “இதுல உங்க வீடு எங்கக்கா?”

“அதோ, அந்தக் கம்பம். வெள்ளம் வந்து தங்க இடம் வேணும்னு நகராட்சி கேட்டப்ப, அந்தத் தெருவுலேயே முதல்ல இடிக்கக் கொடுத்தது நாங்கதான். மீட்டர் கணக்கு எழுதினா யாருக்குப் புரியும்னு அந்த மேடம் எங்க வீட்டு அளவையே கம்பத்துல எழுதி வெச்சுட்டாங்க.”

அவள் கை காட்டிய பக்கம் ஒரு வீடுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடந்த தண்ணீரின் நடுவே ஒற்றைக் கம்பம் நின்றது, அதன் உச்சியில் ‘பரண்’ என்ற சொல் மட்டும் வெள்ளத்துக்கு மேலே தெரிந்தது.